சுமேரியக் கல் தாயத்துகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய சுமேர் நாடாக இருந்த தெற்கு ஈராக்கின் உருக், ஊர் போன்ற பழைய நகரங்களில் கிடைத்த சின்னஞ்சிறு கல் காளைகளையும் ஆட்டுக்கடாக்களையும் காண்பவர்கள் பெரும்பாலும் அவற்றின் முகத்தை மட்டுமே பார்க்கிறார்கள். திருப்பிப் பார்க்காததே முதல் தவறு. சுமார் கி.மு. 3300 முதல் 2900 வரையான காலத்தைச் சேர்ந்த பல உருவங்களின் தட்டையான அடிப்பக்கத்தில், துளைக்கருவியால் குழிகுழியாகக் குடைந்த விலங்கு வடிவங்கள் இருக்கின்றன. ஈரக் களிமண்ணில் அழுத்தினால் அவை புடைப்பாகப் பதியும். அதாவது, கயிற்றில் கோத்து அணியத்தக்க அந்தப் பொருள் முத்திரையாகவும் பயன்படத்தக்கது. தாயத்து என்பது பிற்காலத்தார் இட்ட பெயரே. கயிறு கோக்கும் துளை இருப்பதாலேயே அதை மந்திரப் பொருள் என்று தீர்மானித்துவிட முடியாது. களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரைகளுக்கும் நெடுக்கே துளை உண்டு.

'சுமேரிய' என்னும் அடைமொழியைக் கண்டபடி ஒட்டுவது அடுத்த தவறு. கருவுற்ற பெண்களுக்கும் சிசுக்களுக்கும் தீங்கு செய்பவளாக அஞ்சப்பட்ட லமாஷ்து என்னும் பெண்பேயின் உருவம் செதுக்கிய கல் தகடுகளும், அவளை விரட்டும் பூதமான பசூசுவின் தலைகளும் பெரும்பாலும் கி.மு. முதலாயிரத்தைச் சேர்ந்த அசீரிய, பாபிலோனியப் பொருள்கள். சுமேரிய மொழி மக்கள் பேச்சிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்த பின் உருவானவை. தொல்லியலாளர் மல்லோவன் 1930களில் டெல் பிராக் என்னும் தொல்மேட்டில் கண்டெடுத்த, பெரிய கண்களைக் கொண்ட சிறு கல் உருவங்களோ வடகிழக்குச் சிரியாவுக்கு உரியவை. அவை கோயிலுக்கு அளித்த காணிக்கைகளாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன.

கல்லைக் கவனிக்காமல் விடுவதும் பிழையே. வண்டல் நிலமான சுமேரில் நல்ல கல் அரிது. லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல் ஆப்கானிஸ்தானின் படாக்‌ஷானிலிருந்தும், சூதுபவளத்தில் ஒரு பகுதி சிந்துவெளியிலிருந்தும் வந்து சேர்ந்தன. ஆயினும், இன்ன கல்லுக்கு இன்ன ஆற்றல் என்று கூறும் பிற்கால அக்காடிய மொழி (பாபிலோனியரும் அசீரியரும் எழுதிய மொழி) ஏடுகளை ஈராயிரம் ஆண்டுகள் பின்னுக்கு இழுத்து, உருக் காலக் காளைக்குப் பொருத்துவது அறிவுடைமையாகாது.

விலைக்கு வாங்க எண்ணுபவர்கள் 'கார்பன் சோதனை செய்தது' என்னும் விளம்பரத்தை நம்பலாகாது. கல் செதுக்கப்பட்ட காலத்தை அச்சோதனை காட்டாது. 1990 ஆகஸ்டு 6க்குப் பின் ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக அகற்றப்பட்ட தொல்பொருள்களின் வணிகத்தைத் தடுக்குமாறு ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2003ஆம் ஆண்டுத் தீர்மானம் 1483 நாடுகளைப் பணிக்கிறது. எனவே ஏற்றுமதி ஆவணத்தைக் கேட்காமல் பணம் கொடுப்பது பெருந்தவறு.

பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பது எல்லாவற்றிலும் கொடியது. சுண்ணாம்புக்கல்லையும் பளிங்கையும் அமிலம் அரிக்கும். துளையின் விளிம்பில் கயிறு உராய்ந்து விட்டுச்சென்ற தேய்மானம், அதாவது அதை ஒருவர் அணிந்திருந்தார் என்பதற்கான தடயம், அதனோடு அழிந்துவிடும்.