யாப்பிலிருந்து மெய்ப்பாட்டுக்கு: ஒரு செய்யுளை ஆராயும் முறை

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள மகிபாலன்பட்டியே பழைய பூங்குன்றம் என்பது செட்டிநாட்டில் வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆகவே இப்பகுதி மாணவர்கள் யாப்பாராய்ச்சி, அதாவது செய்யுளின் ஓசையமைப்பை ஆராய்தல், பழகுவதற்குக் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டையே (192) எடுத்துக்கொள்ளலாம்.

உரையைத் திறப்பதற்கு முன், 13 அடிகளையும் வாய்விட்டுப் படியுங்கள். பொருளை முதலில் தெரிந்துகொண்டால் செவி சோம்பிவிடும். பிறகு ஓசையைத் தனியே பிரித்துக் கேட்பது கடினம்.

அடுத்து அலகிடுங்கள்; அதாவது ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்ற அசைகளாகப் பிரியுங்கள். குறிலோ நெடிலோ தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நேர். இரு குறிலோ குறில் நெடிலோ இணைந்து, அவ்வாறே தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நிரை. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பது தேமா (நேர் நேர்), தேமா, கூவிளம் (நேர் நிரை), தேமா என நான்கு சீரால் அமைந்த அளவடி. முதற்சீரும் மூன்றாஞ்சீரும் ‘யா’வில் தொடங்குவதால் பொழிப்பு மோனை, அடுத்த அடியின் ‘தீதும்’ முதலடியின் ‘யாதும்’ என்பதற்கு எதுகை.

பாவகையை உறுதிசெய்ய இறுதிக்குச் செல்லுங்கள். ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்ற ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) மூன்று சீரில் நிற்பதால் இது நேரிசை ஆசிரியப்பா. பலர் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஆராய்ச்சி உண்மையில் தொடங்குவது இங்கேதான். ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்ற ஈற்றடி நான்கு சீராக நிறையும்போது, முந்தைய அடியில் இணையில்லாமல் கூடுதலாக வந்து நிற்கும் சீர் ‘அதனினும்’. பெரியோரை வியப்பதைவிடச் சிறியோரை இகழ்வது இன்னும் தகாதது என்ற புலவரின் தீர்ப்பு முழுவதும் அந்த ஒரு சீரில்தான் இருக்கிறது. அதை நீக்கிப் படித்துப் பாருங்கள். இரண்டு மறுப்புகளும் ஒரே எடையாகிவிடும்.

இனி மெய்ப்பாடு, அதாவது பாட்டில் வெளிப்படும் உள்ளத்து உணர்வு. தொல்காப்பியர் கூறும் நகை முதலிய எட்டில் எதையும் இப்பாட்டின்மேல் வலிந்து ஏற்றாதீர்கள். அவரே தொடர்ந்து சொல்லும் பிறவற்றுள் ‘நடுவுநிலை’ உண்டு. இப்பாட்டுக்கு அதுவே பொருந்தும் என்பது என் துணிபு. தீதும் நன்றும், நோதலும் தணிதலும் என இணை இணையாக வரும் ‘உம்’களும், நான்கு முறை திரும்பும் ‘இலமே’யும் அந்தச் சமநிலையை ஓசையிலேயே நிறுத்துகின்றன. ‘நீர்வழிப் படூஉம்’, ‘முறைவழிப் படூஉம்’ என்பவற்றில் வரும் அளபெடைகளில் (ஓசை நீட்சிகளில்) குரல் நீள்வதையும் கவனியுங்கள். ஆற்றோடு செல்லும் புணையின் (தெப்பத்தின்) எதிர்ப்பற்ற போக்கு அந்த நீட்சியில் கேட்கிறது.

கட்டுரை எழுதும்போது, மெய்ப்பாட்டின் பெயரைக் குறிப்பிடும் ஒவ்வோரிடத்திலும் அதற்குச் சான்றான சீரையோ, மோனை, எதுகை போன்ற தொடையையோ உடன் எழுதுங்கள்.