கேம்பர் வேன் கூரையில் பழைய பெட்டி: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுத்துத் தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள பழைய கேம்பர் வேன் கூரையில் ஒரு பெட்டியைப் பார்த்ததும் ‘ஏசி’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறே அதுதான். தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைக்கும் கூலராகவும் அது இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியும் நார் பேடும் இருந்தால் கூலர். கம்ப்ரசரும் செப்புக் குழாய்களும் இருந்தால் ஏசி. கூலர் என்றால், காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் அதை எவ்வளவு பழுது பார்த்தாலும் பெரிதாகக் குளிராது.

சரி, ஏசிதான் என்று தெரிந்துவிட்டது. விவரத் தகட்டைத் தேடிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ட், ஆம்பியர், குளிரூட்டும் கேஸின் வகை எல்லாம் அதில்தான் இருக்கும்.

குளிரவில்லை என்றதும் கேஸ் அடிக்கச் சொல்வதுதான் அதிகம் பணத்தைக் கரைக்கும் தவறு. கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது, கசிந்தால்தான் குறையும். கூரை ஏசிகள் பலவற்றில் குழாய்கள் தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டவை, கேஸ் ஏற்ற வாயே இருக்காது. கேஸை யோசிக்கும் முன் ஃபில்டரையும், காற்று பட்டுக் குளிரும் குழாய்ச் சுருளான காயிலையும் சுத்தம் செய்யுங்கள். அப்புறம், உள்கூரைப் பெட்டியில் குளிர்காற்றையும் திரும்பும் காற்றையும் பிரிக்கும் தடுப்பைப் பாருங்கள். பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. அந்தத் தடுப்பின் டேப் உரிந்திருந்தால், வெளியே வரவேண்டிய குளிர்காற்றை ஏசியே திரும்ப இழுத்துக்கொள்ளும். காயிலில் பனிகூடக் கட்டும். எல்லாம் சரியான பின் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஏசிக்குள் போகும் காற்றையும் அதிலிருந்து வெளியே வரும் காற்றையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். சுமார் 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்தால் ஏசி நன்றாகவே இருக்கிறது.

கம்ப்ரசர் ‘உம்ம்’ என்று முனகிவிட்டு நின்றால் மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். வெறும் கையால் தொடவே தொடாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் இறங்கினாலும் இதே முனகல்தான் கேட்கும். அணைத்த உடனே மறுபடி போடாமல் குறைந்தது 3 நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

மழை ஒழுகினால் விளிம்பைச் சுற்றி சிலிகான் பூசாதீர்கள். காயிலில் வடியும் தண்ணீர் கூரை வழியாக ஓட வேண்டிய பாதையை அது அடைத்துவிடும். ஏசிக்கும் கூரைக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட் நசுங்கிப்போயிருந்தால் அதை மாற்றி, உள்ளிருந்து போல்ட்டுகளை ஒரே சீராக, அளவாக முறுக்குங்கள்.