ஷெல்டி வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

நீண்ட மூக்கு, கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று முடி, உயரம் 13 முதல் 16 அங்குலம். ஓசூரில் யாராவது ஷெல்டி நாயை நடக்கக் கூட்டிப்போனால், 'பெரிய சைஸ் பொமேரியனா?' என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்களை விடுங்கள், வாங்கியவர்களே அப்படி நினைத்துத்தான் வளர்க்கிறார்கள். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஷெட்லேண்ட் ஷீப்டாக் என்பது முழுப்பெயர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லேண்ட் தீவுகளில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த நாய் இது.

வேலைக்கென்று பிறந்த நாயைக் கேட்டுக்குப் பின்னால் கட்டிப்போட்டால், அதுவாக ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். தெருவில் போகிற பைக்கை விரட்டும். ஓடியாடும் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலைக்கு ஒதுக்கும். குட்டியாக இருக்கும்போது பாவாடை நுனியைக் கவ்வினால் வீடே சிரிக்கும். வளர்ந்தபின் குதிகாலைக் கவ்வினால் செருப்பைத் தூக்குவார்கள். நாய் என்ன செய்யும், பாவம்? முதல் நாளிலிருந்தே கவ்வினால் விளையாட்டை நிறுத்துங்கள். 'வா', 'இரு' இரண்டையும் நன்றாகப் பழக்குங்கள். பந்து, ஒளித்துவைத்த தீனியைத் தேடுவது என்று தினமும் மூளைக்கு வேலை கொடுங்கள். குரைக்கும்போது நாமும் சேர்ந்து கத்துவதில் பயனில்லை, துணைக்கு ஆள் வந்துவிட்டது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

தோட்டம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுவடை முடிந்த காட்டில் கிடை போட்டிருந்தால் ஷெல்டியை அவிழ்த்துவிடாதீர்கள். மேய்ச்சல் நாய்தானே, ஆட்டோடு பழகிக்கொள்ளும் என்று சொல்வார்கள். பழக்காத நாய் மேய்க்காது, வெறுமனே விரட்டும். மிரண்டு ஓடும் சினை ஆடு குட்டியை வீசிவிட்டால், ஆட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது?

எல்லாவற்றையும்விட ஆபத்தானது உண்ணி ஊசி. மாடு, ஆடு வைத்திருக்கும் வீட்டில் உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்துப் பாட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். 'மாட்டுக்குப் போட்டதுபோக மிச்சம் இருக்கு, நாய்க்கும் கொஞ்சம் போட்டுவிடு' என்பது இங்கே சர்வசாதாரணம். ஷெல்டிக்கு அது உயிரோடு விளையாடுவது. 1909-ல் பிரிட்டனில் இந்த இனத்தைப் பதிவு செய்தபோது ஷெட்லேண்ட் கோலி என்றுதான் பெயர். கோலி என்ற பெரிய மேய்ச்சல் நாயினத்தை வளர்ப்பவர்கள் எதிர்த்ததால் 1914-ல் மாற்றினார்கள். பெயர் போனாலும் உறவு போகவில்லை. கோலிகளிடம் உள்ள எம்டிஆர்1 மரபணுக் கோளாறு ஷெல்டிகள் சிலவற்றிலும் உண்டு. மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் புரதம் இவற்றில் வேலை செய்யாது. மருந்து மூளையில் தேங்கும். எச்சில் ஒழுகும், கால் தள்ளாடும், கண் தெரியாமல் போகும், கடைசியில் நினைவே தப்பும். இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுக்கும் மாத்திரையில் இருக்கும் ஐவர்மெக்டின் மிகச் சொற்பம் என்பதால் அதற்குப் பயமில்லை. ஆனால் மாட்டு ஊசி 1 மில்லி என்பது 50 கிலோ எடைக்கு உரிய அளவு; உங்கள் ஷெல்டியோ பத்து கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மருந்து போட்ட மாட்டின் சாணத்திலும் அது வெளியேறும், ஆகவே நாயைத் தொழுவத்துப் பக்கம் மேயவிடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபரமைடு மாத்திரையும் இதே கணக்குதான். அதற்காக உண்ணியை அப்படியே விட்டுவிடவும் முடியாது, உண்ணிக் காய்ச்சல் வந்துவிடும். 'இது கோலி வகை' என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, அவர் எழுதித்தரும் வேறு மருந்தை வாங்குங்கள். அந்த மரபணு இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனையும் இருக்கிறது.

தீனியில், களியும் எலும்பு வேகவைத்த தண்ணீரும் கொடுக்கலாம், ஆனால் அதுவே முழு உணவு ஆகாது. ஷெல்டி சுலபமாகக் குண்டாகும். கையை வைத்தால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். மாங்காய் சீசனில் கொட்டையை விழுங்கிக் குடலில் அடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் அப்படியே. அதில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியில் நிறைய. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் புளி உலர்த்தும் மாதங்களில் வாசலெல்லாம் புளிதான், கவனம்.

வெயிலுக்குப் பயந்து மொட்டை அடித்துவிடுகிறார்கள். வேண்டாம். மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு. அடிமுடியை வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும். மழித்தால் வெயில் நேராகத் தோலில் விழும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். காதுக்குப் பின்னால் உள்ள மெல்லிய முடிதான் முதலில் சிக்காகும், சீப்பை அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஓசூர் குளிரை நம்பி வாங்கிவிட்டு, ஏப்ரலில் தர்மபுரிக்குக் குடிபோனால் நடையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் சில நொடி வைக்க முடியவில்லையென்றால் நாயும் நடக்க முடியாது.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று: பணம் கொடுக்குமுன் தாய், தகப்பன் இரண்டையும் பாருங்கள். நீலச் சாம்பலில் கறுப்புத் திட்டுகள் கொண்ட நிறத்தை மெர்ல் என்பார்கள், அதற்கு விலையும் கூடச் சொல்வார்கள். இரண்டு மெர்ல்களைச் சேர்த்தால் ஈற்றில் சில குட்டிகள் செவிடாகவோ குருடாகவோ பிறக்கும். பெரும்பாலும் வெள்ளையாக, பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். முதுகுப் பக்கம் நின்று கைதட்டிப் பார்க்காமல் அப்படிப்பட்ட குட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.