ஐனு மொழியில் பெயரெச்சம்: தொடக்கநிலைப் பாடம்

ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவின் பழங்குடிகள் ஐனு மக்கள். அவர்களுடைய மொழியை 2009இல் யுனெஸ்கோ அழிவின் விளிம்பில் நிற்கும் மொழிகளில் சேர்த்தது. அதில் ஒரு வாக்கியம் எப்படிப் பெயருக்கு அடையாகிறது என்று பார்ப்போம். தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதலில் ஒரு முழு வாக்கியம்: ‘ஸெத்தா சேப் ஏ’. ஸெத்தா நாய், சேப் மீன், ஏ என்றால் தின். நாய் மீனைத் தின்கிறது. எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற அதே வரிசை. வேற்றுமை உருபு மட்டும் இல்லை.

அடுத்து, எந்தப் பெயரைப் பற்றிப் பேச வேண்டுமோ அதை உருவி வினைக்குப் பின்னால் வையுங்கள்.

சேப் ஏ ஸெத்தா: மீனைத் தின்ற நாய்.
ஸெத்தா ஏ சேப்: நாய் தின்ற மீன்.

வினையைக் கவனியுங்கள். ‘தின்ற’, ‘தின்கிற’ என்று நாம் உருமாற்றுகிறோம். ஐனுவில் ‘ஏ’ அப்படியே நிற்கிறது. காலம் காட்டும் விகுதியும் கிடையாது, இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

மூன்றாவது படி, ‘நான்’, ‘என்னை’ சேர்ப்பது. இவை வினையின் முன்னால் ஒட்டும்; ஒட்டும் இடத்தை = குறி காட்டுகிறது.

கு=நுக்கர் ஸெத்தா: நான் பார்த்த நாய்.
என்=நுக்கர் ஸெத்தா: என்னைப் பார்த்த நாய்.

(அந்த ‘என்’ தற்செயல் ஒற்றுமை. உடனே உறவு கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம்.) படர்க்கைக்கு எதுவும் ஒட்டாது.

‘என் நாய்’ என்பதும் இந்த அமைப்புதான்: கு=கோர் ஸெத்தா, அதாவது நான் வைத்திருக்கும் நாய். கை, கால் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே பெயரே உருமாறும்: தெக் (கை), கு=தெக்கே (என் கை).

ஐனுவில் பண்புச்சொற்களும் வினைகளே. ‘சிஸெ பொரோ’ என்றால் வீடு பெரியது. ‘பொரோ சிஸெ’ பெரிய வீடு. ஹொக்கைடோ வரைபடத்தில் இது நிறையக் கிடைக்கும். வடமுனை நகரமான வக்கனாயின் பெயர் ‘யம் வக்கா நய்’, குளிர்ந்த நீருள்ள ஆறு, என்பதிலிருந்து வந்தது.

கடைசியாக, பெயரே இல்லாவிட்டால்? பொருளுக்கு ‘பெ’ போடுங்கள். உயிரெழுத்துக்குப் பின் அது ‘ப்’ ஆகச் சுருங்கும். கு=ஏ ப்: நான் தின்பது. இடத்துக்கு ‘இ’. ‘ஹுரா நு இ’, மணம் உடைய இடம். ஃபுரானோ ஊரின் பெயருக்கு மூலமாகச் சொல்லப்படுவது இதுதான்.

பயிற்சிக்கு: ‘கமுய் சேப் ஏ’, கரடி மீனைத் தின்கிறது. இதிலிருந்து ‘கரடி தின்ற மீன்’, ‘மீனைத் தின்ற கரடி’ இரண்டையும் எழுதிப் பாருங்கள்.