கொடுவாக் கத்தியின் பிடியை மாற்றிய என் அனுபவம்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வளவு வேலிக்கு நடும் கிளுவைத் தடிகளான கதியால் வெட்டும்போதெல்லாம், கொடுவாக் கத்தியின் உருண்டையான, வழுவழுப்பான பிளாஸ்டிக் பிடி வியர்வையில் சுழன்று, பெருவிரலின் அடியில் கொப்புளம் போட்டுவிடும். முதலில் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினேன். வழுக்கல் குறைந்தாலும், பிடி தடித்ததால் மணிக்கட்டு உளைந்தது, ரப்பருக்குள் தேங்கிய ஈரத்தில் பிடிக்குள் செருகியிருக்கும் கத்தியின் வாலும் துருப்பிடித்தது.

பின்னர் காய்ந்த பூவரசங் கட்டையை முட்டை வடிவில் இழைத்து, சின்னவிரல் தங்குமிடத்தை மட்டும் சற்றுப் புடைப்பாக விட்டு, வாலை இறுக்கிச் செருகினேன். உருண்டைப் பிடியில் அலகு எப்பக்கம் திரும்பியிருக்கிறதென்று கைக்குத் தெரியாது. இதில் பார்க்காமலே தெரிகிறது. வார்னிஷ் வழுக்குமென்பதால், உலரும் இயல்புள்ள ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை தேய்த்தேன். அம்மா சொன்ன தேங்காய் எண்ணெய் உலராது. இம்முறை முப்பது கதியால் வெட்டியும் கொப்புளமில்லை.