முதல் மாதமே ஒரு சனிக்கிழமை: நீஸிலிருந்து மாந்தோன் வரை

தென் பிரான்ஸில், கடலோர நகரமான நீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சோபியா ஆந்திபோலிஸ் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் முதல் மாதம் முழுக்க வீடு தேடுவதிலும் வங்கிக் கணக்கு திறப்பதிலும் அலைந்து தீர்க்கிறார்கள். கடல் எங்கே போய்விடப் போகிறது, அப்புறம் பார்க்கலாம் என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் எட்டு மாதம் ஓட்டினேன். நீங்கள் முதல் மாதமே ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். கார் வேண்டாம், கோடையில் பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும்.

நீஸ் வில் நிலையத்தில் மாந்தோன் அல்லது அதற்கு அப்பால் இத்தாலியிலுள்ள வென்டிமில்யா போகும் 'டெர்' என்ற வட்டார ரயிலில் ஏறுங்கள். முன்பதிவு கிடையாது. வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும். பரிசோதகரிடம் "ஊருக்குப் புதுசு" என்பதெல்லாம் எடுபடாது. முந்தின நாள் இரவே ரயில் ஓடுகிறதா என்று செயலியில் பாருங்கள். 'கிரேவ்' என்று கண்டால் வேலைநிறுத்தம். இந்த நாட்டில் சீக்கிரம் மனப்பாடம் ஆகும் சொல் அது.

கிளம்பும் முன் பழைய நீஸில் கூர் சலேயா சந்தைக்குப் போய்ச் சோக்கா சாப்பிடுங்கள். கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் கரைத்து, பெரிய வட்டத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்டு, மேலே மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஓரம் மொறுமொறு, நடுவே மெத்து. நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை விரலை நீட்டி "ஒன்று" என்றேன். கடைக்கார அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "போன்ஜூர்" (வணக்கம்) என்று சொல்லி, நான் திருப்பிச் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். இங்கே கடையோ அலுவலகமோ, அந்த வார்த்தை இல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கத்திலேயே வெங்காயம் பரப்பிச் சுட்ட ரொட்டியான பிஸ்ஸலாதியேர் இருக்கும். பார்க்கச் சுத்த சைவம். அதில் நெத்திலி போன்ற மீன் உண்டு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுத்து நான் பட்ட பாடு போதும்.

நாம் முதலில் இறங்க வேண்டிய ஊர் வில்ஃபிரான்ஷ், பத்து நிமிடம்கூட ஆகாது. நிலையத்துக்குக் கீழேயே கடற்கரை. நீஸில் முழுக்கக் கூழாங்கல், இறங்கிய நாலடியில் ஆழம். குழந்தைகளோடு போனால் வில்ஃபிரான்ஷிலேயே குளியுங்கள். வீடுகளுக்கு அடியில் சுரங்கம் போல ஓடும் இருட்டுத் தெரு ஒன்று உண்டு, 13ஆம் நூற்றாண்டுக் காலத்தது. வெயிலுக்கு அங்கே கொஞ்சம் ஒதுங்கலாம்.

மொனாக்கோவுக்கு ஒரு மணி நேரம் போதும். ரயில் நிலையமே மலைக்குள் குடைந்தது. அது தனி நாடு, ஆனால் எல்லையில் சோதனை இல்லை. சோதனை உங்கள் போனுக்குத்தான்: சில திட்டங்களில் அங்கே இணையத்துக்குத் தனிக் கட்டணம். ரோமிங்கை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

மாந்தோனுக்குத்தான் நேரம் வைக்க வேண்டும். மஞ்சளும் காவியுமாக வீடுகள் மலைமேல் ஏறுகின்றன. சேன் மிஷேல் தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்தால் இத்தாலிக் கரை தெரியும். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர், பிப்ரவரியில் எலுமிச்சைத் திருவிழாவே உண்டு. நமக்கு என்னவோ அந்தப் பழத்தைப் பார்த்ததும் ஊறுகாய்தான் நினைவுக்கு வருகிறது. மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் போனால் இத்தாலியின் வென்டிமில்யா. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு இங்கிருந்தே கூட்டம் போகும். ஆனால் கையில் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பிட அட்டையோ இருந்தால் மட்டும் எல்லை தாண்டுங்கள். நீண்டகால விசாவில் வந்தவர்கள் மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் பதிவுசெய்ய மறக்காதீர்கள். 2015 முதல் பிரான்ஸ் இந்த எல்லையில் சோதனையை மறுபடி கொண்டுவந்திருக்கிறது. திரும்பும்போது மாந்தோன் கராவான் நிலையத்தில் போலீஸ் பெட்டிக்குள் ஏறலாம். நம் நிறத்தவர்களிடம் முதலில் கேட்பார்கள், அதை மறைப்பதில் பயனில்லை. போனில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள், அசல் வேண்டும். "போன்ஸ்வார்" (மாலை வணக்கம்) சொல்லி அட்டையை நீட்டினால் அரை நிமிட வேலை.