வெட்டுப்பட்ட வாதையை விளையாட்டுக்குள் கொண்டுவருவது எப்படி?

கற்பனை உலக விளையாட்டு எழுதத் தொடங்குபவர்கள் ஆவிகளை நல்லது, கெட்டது என்று இரண்டு மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பிறகு ஆட்டக்காரருக்கு வாளை உருவுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. கன்னியாகுமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் கணக்கே வேறு. கயிலாயத்தில் பிறந்து வந்த தெய்வங்கள் ஒரு வகை. அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமான 'வெட்டுப்பட்ட வாதைகள்' இன்னொரு வகை. சாவு எப்படி வந்தது என்பதே ஆவியின் குணம். அதையே விதியாக்கலாம்.

நான்கு ஆட்டக்காரர், கதை நடத்த ஒருவர், ஆறு முகப் பகடை ஒன்று. (தாயக்கட்டை ஆகாது, அதற்கு நான்கே முகம்.)

முதல் படி: நினைவு, கோபம், பிடிப்பு மூன்றுக்கும் சேர்த்து ஓர் ஆவிக்கு 9 புள்ளி. வயதாகி இறந்தவருக்கு 5, 1, 3. வாதைக்கு 2, 4, 3. பிறவித் தெய்வத்துக்கு மனித நினைவு கிடையாது: 0, 3, 6.

இரண்டாம் படி: நினைவு எத்தனையோ, ஓர் இரவில் அத்தனை கேள்விக்கு உண்மையான பதில். பிடிப்பு எத்தனையோ, தன் இடத்தைச் சுற்றி அத்தனை கட்டம் நடமாட்டம். இரவில் அதற்குள் கால் வைத்தவர் பகடை உருட்டட்டும். கோபத்தின் எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் அடி. கோபம் 4 என்றால் சராசரியாக மூன்று உருட்டலில் இரண்டு அடி. 5 வைத்தால் புதியவர்கள் முதல் இரவே எழுந்து போய்விடுவார்கள்.

மூன்றாம் படி, இடம். இசக்கியம்மன் குடியிருக்கும் முப்பந்தல் என்ற ஊர் போல, எல்லோரும் கடந்தே ஆகவேண்டிய வழியில் வாதையை நிறுத்துங்கள். ஒதுக்குப்புறத்தில் வைத்தால் சுற்றிப் போய்விடுவார்கள்.

நான்காம் படிதான் ஆட்டத்தின் உயிர்: கொடை, அதாவது தெய்வத்துக்கு ஊர் எடுக்கும் விழா. பீடம் போட்டு, படையல் வைத்த பிறகே வில்லுப்பாட்டு. பிறப்பு முதல் சாவு வரை வாதையின் கதையை ஆட்டக்காரர்களே சொல்ல வேண்டும். சரியான தகவல் ஒன்றுக்குக் கோபம் 1 இறங்கும். ஊகித்துத் தப்பாகச் சொன்னால் 1 ஏறும். கோபம் 4 என்றால் நான்கு தகவல் போதும், ஆனாலும் ஆறு துப்பு ஒளித்து வையுங்கள். இரண்டு வாதையின் வாயில், மீதி ஊராரிடம். நான்கே வைத்து ஒன்று தவறிப்போனால் ஆட்டம் அங்கேயே முடங்கும்.

கோபம் 0 ஆனதும் அதே ஆவி காவல் தெய்வம். அதே 3 கட்டம் இனி அடைக்கலம். மறு ஆண்டு கொடை தவறினால் கோபம் 1 ஏறும்.

குறுக்குவழியும் உண்டு: கதைகளில் யட்சி என்னும் பெண் ஆவியைத் தளைப்பதுபோல மரத்தில் ஆணி அடிப்பது. பிடிப்பு 0 ஆகும், கோபம் குறையாது. யாராவது ஒருவர் எப்படியும் பிடுங்கிப் பார்ப்பார். அப்போது பிடிப்பு திரும்பிவிடும், கோபம் 2 ஏறி 6 ஆகும். பகடையில் எந்த எண் விழுந்தாலும் அடிதான்.